படிச்ச கை

மேலப்படுகை
29.1.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

இசை எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, அண்ணி மூவரும் சுகம். அண்ணிக்குள் இருப்பவரும் சுகம் என்று நேற்று டாக்டரம்மா சொன்னார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ரியாத்தில் குளிர் என்று எழுதியிருந்ததை அம்மா நம்பவில்லை. "பாலைவனத்துல ஏது குளிரு, எட்ட இருக்கோம்னு ஏமாத்துறான்" என்கிறாள். ஆனாலும் தினமும் ஒரு தடவை, போர்த்திக்கொண்டு படுக்கச் சொல்லி எழுது என்று எனக்கு ஞாபகப்படுத்துகிறாள்.

அண்ணிக்கு அம்மா இல்லாததால் வளைகாப்பு முடிந்தும் இங்கேயே இருக்கிறார். பிரசவத்துக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேர் பதிந்திருக்கிறோம். அங்கே சனிக்கிழமை மதியம் தலைப்பிள்ளைக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். லண்டனில் படித்து வந்த டாக்டரம்மா ஆரம்பித்தது. அம்மாவாகப் போகிறவர்களுக்கு ஒரு வரிசை, எதிரே கணவர்களுக்கு ஒரு வரிசை. ஆனால் நேற்று வந்த கணவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் தூங்கிவிட்டார். மற்ற நாற்காலிகளில் மாமியார், கொழுந்தன், ஒரு சித்தப்பா. பிள்ளைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. நூர்ஜஹான் சிஸ்டர் என்று ஒருவர் பாடம் எடுக்கிறார். "இங்க வெக்கப்பட்டா பிள்ளை பொறக்காது, நிமிருங்க" என்று என் கையில் மணல் நிரப்பிய ரப்பர் பொம்மையைக் கொடுத்தார். தலைக்குக் கீழே கை கொடுக்காமல் தூக்கினேன். "உங்க பிள்ளைக்குக் கழுத்து போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிதான் ரொம்ப நேரம் சிரித்தார்.

முதல் பாடம் அதுதான் அண்ணா. எப்போது தூக்கினாலும் உள்ளங்கையில் தலை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை அண்ணிக்கு நான்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்பதால் சில வரிகளை எழுதாமல் விடுகிறீர்கள் என்று தெரிகிறது. எழுதுங்கள். அந்த இடங்களை நிமிராமல் படித்துவிடுகிறேன்.

உங்கள் பதிலை அண்ணி வாசலில் நின்று எதிர்பார்ப்பார். நான் உள்ளே இருந்து.

தங்கை
இசைவாணி


ரியாத்
13.2.1995

அன்பு இசைக்கு,

அண்ணன் பரிதி எழுதுவது. நான் சுகம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நாற்றங்காலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம் என்று சொல்.

இங்கே நோன்பு மாதம். கம்பி கட்டும் வேலை பாதி நேரம்தான். அறையில் ஆறு பேர் படுத்தே கிடக்கிறோம். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் மூஸா அண்ணன் அதிராம்பட்டினத்துக்காரர். நாலு பிள்ளைகளின் தகப்பன். நாலு பேர் பிறந்தபோதும் இங்கேதான் இருந்திருக்கிறார். "எங்க வீட்டுல பிள்ளைங்க எல்லாம் நடந்துகிட்டேதான் பொறக்கும் தம்பி. நான் பாக்குறப்ப எதுவும் படுத்திருந்ததில்ல" என்கிறார்.

பொம்மைக்கு என்ன செய்வது? அஞ்சு கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றித் தூக்கிப் பழகினோம். மூஸா அண்ணன் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். உங்க பிள்ளைக்குக் கழுத்து போச்சு என்று நான் சொன்னேன். இப்போது அறையில் யார் எதைத் தூக்கினாலும் தலை எங்கே என்று கேட்கிறார்கள்.

ஒப்பந்தப்படி அடுத்த வருஷக் கடைசியில்தான் லீவு. பிள்ளை பிறக்கும்போது இருக்க முடியாது. பாடமாவது முழுசாக வந்து சேரட்டும். சிஸ்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. சுருக்கி எழுதாதே. நான் வரும்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

உன் அண்ணி தையலிடம், நான் கேட்டதாகச் சொல். அவ்வளவு போதும். மற்றதை அவளே நினைத்துக்கொள்வாள்.

அண்ணன்
பரிதி


மேலப்படுகை
5.3.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகம் அறிந்தோம். அப்பா முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். அண்ணிக்குக் காலில் கொஞ்சம் வீக்கம், அது இருக்கலாம் என்கிறார்கள். அரிசிப் பைக்குப் பேர் வைத்துவிட்டீர்களா என்று அண்ணி கேட்கச் சொன்னார்.

இடையில் இரண்டு வகுப்புகள் குளிப்பாட்டுவதும், வலி வரும்போது இடுப்பை அமுக்கிவிடுவதும். தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்றைய பாடம் முக்கியமானது. சண்டையே வந்துவிட்டது.

பிறந்த உடனே தாய்ப்பால்தான், முதலில் வரும் மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது என்று ஆரம்பித்தார் சிஸ்டர். பிறகு சேனைக்கு வந்தார். வல்லத்துக்காரப் பாட்டி ஒருவர் எழுந்துவிட்டார். "சீனித்தண்ணிய விரலால தொட்டு நாக்குல வெக்காம பிள்ளைக்குக் குணம் எங்கேர்ந்து வரும்? நல்ல மனுசரா பாத்து வெக்கிறது எதுக்கு? எம் மகனுக்கு எங்க அப்பா வெச்சாரு, அப்படியே அவரு குணம்."

"அப்ப அவரு எங்கம்மா இப்ப?" என்றார் சிஸ்டர்.

"மலேசியாவுல."

"உங்க அப்பாவும் பொண்டாட்டிய விட்டுட்டு மலேசியா போனாரா?"

பாட்டி உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் சிஸ்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொறந்த பிள்ளையோட வயிறு சின்ன நெல்லிக்காய் அளவு. அதுல சீனித்தண்ணி, தேன், கழுதைப்பால், வெளக்கெண்ணெய் எதுவும் போகக் கூடாது. சேனைன்னு யாராவது விரலை நீட்டுனா, அந்த விரல்ல என்ன இருக்குன்னு யோசிங்க. வயித்தால போயி எத்தனை பிள்ளைங்களை நாங்க பாத்திருக்கோம்."

இதை நன்றாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் அண்ணா. மூஸா அண்ணனிடமும் சொல்லுங்கள்.

பஸ்ஸில் வரும்போது அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன என்றேன். "எனக்கு யாரு வெச்சாங்கன்னே தெரியல இசை. கேக்கவும் ஆளில்ல" என்றார்.

தங்கை
இசைவாணி


ரியாத்
9.3.1995

அன்பு இசைக்கு,

நான் நலம். பெருநாளுக்கு மூஸா அண்ணன் பிரியாணி செய்தார். உன்னிடமிருந்து அடுத்த பாடம் இன்னும் வரவில்லை. தபால் தாமதமாக இருக்கும்.

இது உனக்கு மட்டுமில்லை. எல்லோரையும் உட்கார வைத்துப் படி.

நேற்று மூஸா அண்ணன் கேட்டார், உங்க பக்கம் பிள்ளைக்கு முதல்ல யாரு இனிப்பு தொட்டு வெப்பாங்க, எங்க வீட்டுல பெரியவங்க யாராச்சும் தேன் வெப்பாங்க என்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்திரி முழுக்க அதே நினைப்பு. நான் அங்கே இருந்தாலும் என் கை வேண்டாம். நான் வைத்தால் கம்பி கட்டும். அப்பா வைத்தால் நாற்று முடி சுமக்கும். நம் தெருவிலேயே படிச்ச கை ஒன்றுதான் இருக்கிறது. சேனை இசைதான் வைக்க வேண்டும். அம்மா, இதில் வேறு பேச்சு வேண்டாம். பெரியப்பா வீட்டில் கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

நான் பக்கத்தில் இருந்து செய்ய ஒன்றுமில்லை. இது ஒன்றுதான் நான் கேட்பது.

அண்ணன்
பரிதி


மேலப்படுகை
25.3.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். அண்ணிக்கு மூச்சு வாங்குகிறது. நாள் நெருங்கிவிட்டது. சித்திரை பிறப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. சிஸ்டர் சேனை கூடாது என்று சொன்னதை நான் எழுதினேன். அது கைக்கு வருவதற்குள் நீங்கள் சேனை வைக்கச் சொல்லி எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் சொன்னபடி எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தேன். 'படிச்ச கை' என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணி என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலைத் தடவிப் பார்த்தார். "நெகத்த வெட்டி வெச்சுக்க" என்றாள் அம்மா. அந்த நேரத்தில் நான் சொன்னேன், கூடாது, ஆஸ்பத்திரியில் கூடாது என்றிருக்கிறார்கள் என்று. அண்ணி கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்துவிட்டது.

அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. "அவன் ஒண்ணே ஒண்ணு கேட்டான்" என்று அடுப்போடு பேசுகிறாள்.

உங்கள் பிள்ளைக்கு என் குணம் எதற்கு அண்ணா? திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறி, நம் ஊரில் நிறுத்தச் சொல்லக் கூசி, பூதலூர் வரை போய்த் திரும்பி நடந்தவள் நான். எனக்குக் கோபம் இல்லை, பெருமைதான். அதனால்தான் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று நீங்களே ஒரு வரி எழுதுங்கள். அதைக் காட்டினால் அம்மாவும் அண்ணியும் கேட்பார்கள். நான் சொன்னால் அது படிச்சவள் திமிராகத் தெரிகிறது.

உடனே எழுதுங்கள்.

இசை


ரியாத்
11.4.1995

அன்பு இசைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் முன்னும் பின்னுமாக வந்தன. நாங்கள் வேறு சைட்டுக்கு மாறியதால் தபால் பழைய முகாமில் கிடந்தது. தையல் எப்படி இருக்கிறாள்? இந்தக் கடிதம் வரும்போது நாம் ஒருவர் கூடியிருப்போம் என்று நினைக்கிறேன்.

நெல்லிக்காய் வயிறு பாடத்தை அறையில் படித்தேன். மூஸா அண்ணனுக்கு வருத்தம். "நாலு பிள்ளைக்கும் தேன் வெச்சோம், என்னா ஆச்சு?" என்றார். நாலும் உங்களை மாதிரியே ஓயாமல் பேசுகிறதே, அதுதான் ஆச்சு என்றேன். ஆனால் இசை, அன்றைக்கு நான் தூங்கவில்லை. வயித்தால போயி எத்தனை பிள்ளைகள் என்று சிஸ்டர் சொன்ன வரியில்தான் மனம் நின்றது. நான் ஒன்று கேட்டு, அதனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

அம்மா, தையல், இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். சேனை வேண்டாம். யாரும் வைக்க வேண்டாம். நான் சொன்னதை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இசையின் குணம் வருவதற்குச் சேனை எதற்கு? அவள்தான் தினமும் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறாள்.

அரிசிப் பைக்குப் பேர் வைக்கவில்லை. பேர் பிள்ளைக்குத்தான்.

பரிதி


தஞ்சாவூர், ஆஸ்பத்திரி
15.4.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெண் குழந்தை. தந்தி கிடைத்திருக்கும். பங்குனி கடைசி நாளில் வந்துவிட்டாள். அம்மா அதிலேயே பாதி சமாதானம் ஆகிவிட்டாள். அண்ணி சுகம். இந்தக் கடிதத்தைக் கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வகுப்புக்கு வந்தவர்தான் உள்ளே வரலாம் என்று என்னையே கூப்பிட்டார்கள். இடுப்பை அமுக்கிவிட்டேன். அண்ணி என் தலைமுடியைப் பிடித்து இழுத்ததில் இன்னும் வலிக்கிறது. பிறந்ததும் சிஸ்டர் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "தலை" என்றார். என் கை தானாகவே அங்கேதான் போயிருந்தது. நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் உங்கள் கையும் அங்கேதான் போயிருக்கும்.

உங்கள் நெற்றி. காதுக்குப் பின்னால் நிறைய முடி. பால் குடிக்க ஆரம்பித்தால் சீக்கிரம் சோர்ந்து தூங்கிவிடுகிறாள். நகங்கள் கொஞ்சம் நீலம் பாய்ந்த மாதிரி இருக்கின்றன. குளிர் என்கிறாள் அம்மா. டாக்டரம்மா காலையில் ரொம்ப நேரம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மறுபடி வருகிறேன் என்று போயிருக்கிறார்.

சேனை பற்றி உங்கள் பதில் வரவில்லை. நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். இரண்டு நாள் கண் மூடவில்லை. நேற்று வருஷப் பிறப்பு, மதியம் சுவரில் சாய்ந்தபடி என்னையறியாமல் தூங்கிப் போனேன். விழித்தபோது அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

டாக்டரம்மா வருகிறார். மற்றது பிறகு.

இசை


ரியாத்
14.5.1995

இசைக்கு,

அப்பா போனில் பேசிய பிறகு எத்தனை நாள் ஆகிறது என்று தெரியவில்லை. தினமும் வேலைக்குப் போகிறேன். மூஸா அண்ணன் சாப்பிட வைக்கிறார்.

குழந்தை பிறந்த செய்தியோடு நீ எழுதிய கடிதம், அப்பாவின் போனுக்குப் பிறகுதான் வந்தது. நெற்றி என்னுடையது என்று எழுதியிருக்கிறாய்.

ஒன்றுதான் கேட்க வேண்டும். அப்பா அழுதுகொண்டே, "குறை ஒண்ணும் வெக்கலப்பா, சேனையெல்லாம் வெச்சுத்தான் அனுப்பினோம்" என்றார். யார் வைத்தது என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. நீ உன் கடிதத்தில் வைக்கவில்லை என்கிறாய். பிறகு யார்? அம்மாவா? தையலா?

இதயத்தில் பிறவிக் கோளாறு என்று டாக்டர் சொன்னதாக அப்பா சொன்னார். டாக்டர்கள் ஏதாவது ஒன்று சொல்லத்தான் செய்வார்கள். நீ எழுதிய பாடம் எனக்கு மனப்பாடம். நெல்லிக்காய் அளவு வயிறு.

அம்மா என்றால் அவளுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். தையல் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்திருந்தாள். தெரிந்தே செய்திருந்தால் நான் வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த வீட்டில் அவளோடு இருக்கவும் முடியாது. நீ பொய் எழுத மாட்டாய். கூடவே இருந்தவள் நீ. எழுது.

பரிதி


மேலப்படுகை
30.5.1995

அன்பு ஜஸீலா,

அய்யம்பேட்டையில் நீயும் உன் வீட்டாரும் சுகம்தானே? துபாயிலிருந்து அவர் எழுதுகிறாரா? கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தும் நான் உன்னிடம் அதிகம் பேசியதில்லை. இப்போது பேச உன்னைத் தவிர யாரும் இல்லை.

குழந்தை போனது உனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் நிற்கவில்லை. கருவிலேயே இதயம் சரியாக உருவாகவில்லை என்றார்கள். படுகையில் மூங்கில் ஓரமாக அப்பா வைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் அண்ணாவின் கடிதம் வந்தது. சேனை வேண்டாம் என்று நான் கேட்டுக் கேட்டு வாங்கிய கடிதம். அண்ணி படிக்கச் சொன்னார். படித்தேன். "அந்த இடத்த இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். நான் சொன்னதை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்ற இடம். அண்ணி எழுந்து கொல்லைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

வருஷப் பிறப்பன்று மதியம் நான் தூங்கும்போது, அம்மா முடிச்சில் கொண்டுவந்த சீனியில் அண்ணி கொஞ்சம் எடுத்து டம்ளர் மூடியில் கரைத்திருக்கிறார். என் கையைத் தூக்கி, என் விரலை அதில் தொட்டு, குழந்தையின் நாக்கில் வைத்திருக்கிறார். நான் விழிக்கவில்லை. "அவரு கேட்டது அது ஒண்ணுதான். நீ வெக்க மாட்ட. அதான் ஒன்ன வெச்சே வெச்சுட்டேன். சப்புக்கொட்டுச்சு இசை" என்றார். அன்றைக்கே அம்மாவிடம், இசை கையால் ஆச்சு என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அம்மா, நான் மனம் இறங்கிவிட்டேன் என்று நினைத்து எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

நான் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஒரு சொட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். வந்து அண்ணியிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை. அண்ணாவும் நம்ப மாட்டார். இரண்டு பேருக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நெல்லிக்காய் என்ற வார்த்தையை இப்போது எப்படித் திரும்ப வாங்குவது?

அண்ணா கேட்டு எழுதியிருக்கிறார். தையலாக இருந்தால் சேர்ந்து வாழ மாட்டேன் என்கிறார். அண்ணிக்குப் போக வேறு வீடு இல்லை. அந்தக் கடிதத்தை மட்டும் நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. அண்ணாவுக்கு நாலைந்து நாளில் எழுதியாக வேண்டும்.

இசைவாணி


மேலப்படுகை
4.6.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அண்ணி கொஞ்சம் சாப்பிடுகிறார். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். மூஸா அண்ணனுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.

கேட்டதற்குப் பதில். சேனை தொட்டு வைத்தது என் விரல்தான். வருஷப் பிறப்பன்று மதியம். உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால். அம்மாவைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

அன்றைக்கு மறுநாள் எழுதிய கடிதத்தில் இதை எழுதவில்லை. எழுத முடியவில்லை.

அந்தச் சொட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா என்னிடம் நேரில் சொன்னார். நம்புவது உங்கள் இஷ்டம். என்னால் உங்களை நம்ப வைக்க முடியாது.

அண்ணியிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். அவருக்குப் பால் வற்ற ரொம்ப நாள் ஆனது. நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவருக்கு மட்டும். கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

இசைவாணி


ரியாத்
22.6.1995

அன்புள்ள தையலுக்கு,

இதை இசை படிக்க வேண்டாம். தபால்காரர் பஞ்சநதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள். நீ எனக்கு எழுதுவதையும் இனி அவரையே எழுதச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு நேரம் உன்னைத் தப்பாக நினைத்தேன். அதற்காக என்னை மன்னித்துவிடு. படிக்காத நம்மை யாரும் ஏமாற்றலாம். படித்தவளே தெரிந்து செய்தால் அதை என்னவென்று சொல்வது? எனக்குப் பாடம் எழுதிய கைதான் அதைச் செய்தது. அந்தக் கையெழுத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவளிடம் நீ சண்டை போட வேண்டாம். பேசாமல் இரு.

அடுத்த வருஷ லீவு வேண்டாம் என்று சொல்லி, மேலும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வந்து பார்க்க இப்போது என்ன இருக்கிறது? நீ இருக்கிறாய், தெரியும். ஆனால் வந்தால் அந்த வாசலில் அவளும் நிற்பாள்.

மூஸா அண்ணன் ஊருக்குப் போகிறார். அரிசிப் பையைப் பிரித்துச் சமைத்துவிட்டோம்.

பரிதி


மேலப்படுகை
16.7.1995

அன்புள்ள மாமாவுக்கு,

தையல்நாயகி சொல்ல எழுதுவது. நான் இருக்கிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். அத்தை கும்பகோணத்துக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வந்தார்கள்.

உங்கள் கடிதம் வந்தது. என் மேல் வருத்தமில்லை என்று எழுதியிருந்ததை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். மன்னித்துவிடு என்றெல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள்? எனக்குத்தான் உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அதைக் கடிதத்தில் சொல்ல வரவில்லை. நேரில் சொல்கிறேன். இரண்டு வருஷம் ஆனாலும் சொல்கிறேன்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை படுகையில் ஏறி மூங்கில் ஓரம் வரை நிற்கிறது. பாப்பாவை வைத்த இடம் எது என்று உங்கள் அப்பாவுக்கே இப்போது தெரியவில்லை. வடிந்ததும் தெரியும் என்கிறார்.

இசைக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, ஏன்? அவளைக் கேட்டதாகக்கூட இல்லை. படித்துக் காட்டியவரிடம் கேட்டேன். தாளில் இடம் இல்லாமல் போயிருக்கும் என்று சொல்லி, குனிந்த தலை நிமிராமல் மீதியைப் படித்து முடித்துவிட்டார். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள். நமக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். போர்த்திக்கொண்டு படுங்கள்.

இப்படிக்கு
தையல்நாயகி

இதை எழுதிக் கொடுப்பது தபால்காரர் பஞ்சநதம். வலது கை ஆள்காட்டி விரலில் அடிபட்டிருப்பதால் இடது கையால் எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். இனிமேல் இப்படித்தான் இருக்கும்.